விழுந்தால் எழக் கைவலு வேண்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரை)



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. உடற்பயிற்சி நிலையங்கள் மூடப்பட்டன. பூங்காவில் நடக்கவும் தடை. வீட்டுக்குள் அடைபட்ட பலர் அப்போது இணையக் கடைகளில் உடற்பயிற்சிப் பொருள்களை வாங்கினார்கள். அவற்றுள் விலை குறைவானதும் இடத்தை அடைக்காததுமான ஒன்று உண்டு. தரையில் வைத்துப் பிடித்துக்கொண்டு தண்டால் எடுக்க உதவும் இரண்டு கைப்பிடிகள்தாம் அவை.

ஆணை தளர்ந்தது. வேலைக்குப் போகும் அவசரம் திரும்பி வந்தது. அந்தக் கைப்பிடிகள் எங்கே போயின? பல வீடுகளில் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தூசி படிந்து கிடக்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு வீட்டை நேயர்கள் மனக்கண்ணில் எண்ணிப் பாருங்கள். கிள்ளான் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. அப்பாவுக்கு 58 வயது, அம்மாவுக்கு 54. மகனுக்கு 24. கைப்பிடிகளை வாங்கியவன் மகன்தான். முதல் நாளே 50 தண்டால் எடுத்தான். மூன்றாவது வாரம் தோள் வலித்தது. அத்தோடு கைப்பிடிகள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன.

ஒரு நாள் அம்மா குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றினார், கை தாங்கவில்லை. அப்பா வந்து தூக்கும்வரை ஈரத் தரையில் இருந்தார். மறுநாள் வீடு கூட்டும்போது அந்தக் கைப்பிடிகள் துடைப்பத்தில் தட்டுப்பட்டன.

"ஏன்யா, இது எதுக்கு வாங்கின?"

"அது தெக்கான் துபிக்கும்மா. உங்களுக்கு எதுக்கு?"

"விழுந்தா எந்திரிக்கத்தான்யா."

இன்றைய உரையின் கருப்பொருள் அந்தத் தாயின் பதிலில் அடங்கியிருக்கிறது. கை, தோள், மார்பு ஆகியவற்றின் வலு இளைஞர்கள் சட்டைக்குள் காட்டும் அழகுக்கு மட்டும் உரியது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். தன் உடலைத் தானே தாங்கும் ஆற்றல் ஒவ்வொரு மனிதருக்கும் கடைசி நாள்வரை தேவைப்படுகிறது. அதைப் பெறப் பெரிய கூடமோ பெரிய செலவோ வேண்டாம். முறை தெரிந்தால் போதும்.

தோட்டம் தந்த வலு

நம் பாட்டன் பாட்டிமார் தோட்டத்தில் வாழ்ந்தார்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுப் பால்மரக் காட்டுக்குள் நுழைந்தார்கள். மரத்துக்கு மரம் உளி பிடித்த கை, பால் எடுத்த பிறகு தோளில் கம்பை வைத்து இரு முனைகளிலும் வாளிகளைச் சுமந்தது. வெளிக்காட்டு வேலையில் மண்வெட்டி பிடித்தார்கள். கிணற்றில் நீர் இறைத்தார்கள். விறகு பிளந்தார்கள். அவர்களில் யாரும் உடற்பயிற்சி என்று தனியாக ஒன்றைச் செய்ததில்லை. வலு வேலையோடு வந்தது. கூடவே முதுகுவலியும் வறுமையும் வந்தன என்பதையும் மறக்கக்கூடாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தன. பிள்ளைகள் படித்தார்கள், அலுவலக நாற்காலியில் அமர்ந்தார்கள். இது முன்னேற்றம்தான், ஐயமில்லை. ஆனால் மாடிக்கு மின்தூக்கி, துணிக்குச் சலவை இயந்திரம், கடைக்குக் கார் என்றான பிறகு கைகள் எதைத் தாங்குகின்றன? கைப்பேசியைத் தாங்குகின்றன. உழைப்பு இலவசமாகத் தந்துகொண்டிருந்த வலுவை இனி நாமேதான் தேடிப் பெற வேண்டும்.

தசை தானாக நிலைத்து நிற்காது. முப்பது வயதைக் கடந்த பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறையலாம் என்றும், அறுபதுக்குப் பின் அந்த இழப்பு விரைவாகும் என்றும் மருத்துவ ஏடுகள் குறிப்பிடுகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள்கள் தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று கூறியிருக்கிறது. நடைப்பயிற்சி செய்கிறோமே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நடை, இதயத்துக்கும் கால்களுக்கும் நல்லது. கைக்கும் தோளுக்கும் அதில் பங்கு மிகக் குறைவு.

நம் வீட்டுச் சொல்தான் தண்டால்

புஷ் அப் என்றால் இளைஞர்களுக்குப் புரிகிறது. செகாக் உடல்தகுதிச் சோதனையில் தெக்கான் துபி செய்த மாணவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். தண்டால் என்பது நம் தாத்தாக்களின் சொல். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று மல்லர்களும் சிலம்ப ஆசான்களும் உடம்பை வளர்த்தார்கள். இடுப்பை உயர்த்தி, தலையைத் தாழ்த்திப் பாய்ந்து மேலெழும் பழைய தண்டாலும், உடலை நேராக வைத்து ஏறி இறங்கும் இன்றைய புஷ் அப்பும் அசைவில் சற்று வேறுபட்டவை. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. சொந்த உடலே சுமை, சொந்தக் கைகளே தூண்கள்.

கைப்பிடியும் புதிதன்று. தண்டால் கட்டை என்ற பெயரில் இரண்டு மரக்கட்டைகளைத் தரையில் வைத்துப் பயிற்சி செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. இன்று அது இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் வருகிறது.

அந்தக் கைப்பிடியின் பயன் என்ன? உள்ளங்கையைத் தரையில் பதித்து உடலைத் தாங்கும்போது மணிக்கட்டு ஏறக்குறைய செங்கோணமாகப் பின்னால் மடங்குகிறது. நாள் முழுவதும் கணினியில் தட்டுபவர்களுக்கும், மணிக்கட்டில் வலி உள்ளவர்களுக்கும் அது தொல்லை. கைப்பிடியைப் பற்றும்போது மணிக்கட்டு நேராக நிற்கிறது. முழங்கையிலிருந்து கைமுட்டி வரை ஒரே கோட்டில் எடை இறங்குகிறது. இதுதான் முதன்மையான பயன்.

அதே கைப்பிடியில் ஓர் ஆபத்தும் உண்டு. கை தரையைவிட உயரத்தில் இருப்பதால் மார்பு கைமட்டத்துக்கும் கீழே இறங்க முடியும். ஆழமாக இறங்கினால் மார்புத்தசை நன்றாக இழுபடும் என்பது உண்மை. ஆனால் பழக்கமில்லாத தோள்மூட்டு அந்த ஆழத்தில் அதிக அழுத்தத்துக்கு ஆளாகிறது. அந்த வீட்டு மகனுக்கு நேர்ந்தது அதுதான். முதல் நாளே ஆழமாகவும் வேகமாகவும் 50 எடுத்தான். எண்ணிக்கை ஏறியது, மூட்டு தாங்கவில்லை. தொடக்கத்தில் மேற்கை தரைக்கு இணையாக வரும்வரை இறங்கினால் போதும். பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அளவறியாமல் பயன்படுத்தியதே பிழை.

எத்தனை கிலோ தூக்குகிறோம்?

தண்டாலில் முழு உடல் எடையும் கைகளில் இறங்குவதில்லை. கால் விரல்களும் ஒரு பங்கைத் தாங்குகின்றன. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. தரையில் சாதாரணத் தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் சுமார் 64 விழுக்காடு கைகளுக்கு வருகிறது. முழங்காலை ஊன்றினால் 49 விழுக்காடு. கைகளை 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் 55 விழுக்காடு, 60 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் 41 விழுக்காடு. மாறாகக் கால்களை 60 சென்டிமீட்டர் உயர்த்தினால் 74 விழுக்காடு.

இதை நம் கணக்கில் பார்ப்போம். ஒருவரின் எடை 70 கிலோ என்றால், தரையில் அவர் கைகள் சுமார் 45 கிலோவைத் தாங்குகின்றன. முழங்காலை ஊன்றினால் 34 கிலோ. கை 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் 29 கிலோ. பலசரக்குக் கடையில் கிடைக்கும் 10 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கவே தடுமாறும் ஒருவர், முதல் நாளே 45 கிலோவைத் தூக்க முயன்றால் என்ன ஆகும்? இடுப்பு தொங்கும், கழுத்து முன்னே நீளும், அரைகுறையாக நான்கு முறை அசைந்துவிட்டு, "நமக்கு இது ஒத்துவராது" என்று விட்டுவிடுவார். பலர் கைவிடுவதற்குக் காரணம் சோம்பல் என்கிறார்கள். தாங்க முடியாத உயரத்தில் தொடங்கியதே பெரும்பாலும் காரணம்.

எனவே எடையைக் கூட்டவும் குறைக்கவும் நம்மிடம் ஒரு திருகாணி இருக்கிறது. அதன் பெயர் உயரம். கை எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு சுமை குறையும்.

நான்கு படிகள்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். உடல்நலத்துக்குச் சொல்லப்பட்ட அந்தப் பழமொழி இங்கே நேர்ப்பொருளிலும் பொருந்துகிறது. முதற்படி சுவர்தான்.

சுவரிலிருந்து ஒரு கை நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக விலகி நின்று, தோள் மட்டத்தில் உள்ளங்கைகளைப் பதித்து, முழங்கையை மடக்கி மார்பைச் சுவரருகே கொண்டுபோய்த் திரும்பத் தள்ள வேண்டும். இரண்டாவது படி சமையல் மேடை. அசையாத கல்மேடையாக இருக்க வேண்டும், ஈரம் இருக்கக்கூடாது. மூன்றாவது படி மாடிப்படிக்கட்டு அல்லது சுவரோடு ஒட்டிப்போட்ட உறுதியான தாழ்ந்த பலகை. உருளும் நாற்காலியும் பிளாஸ்டிக் முக்காலியும் வேண்டவே வேண்டாம். நான்காவது படி தரை. அங்கேதான் கைப்பிடிகளுக்கு வேலை.

எந்தப் படியில் தொடங்குவது? ஒழுங்கு கெடாமல் 8 முறை செய்ய முடிகிற படியே ஒருவருக்கு உரிய படி. அங்கே 8 முதல் 12 முறை செய்வது ஒரு சுற்று. ஒன்றரை நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று சுற்றுகள். வாரத்தில் மூன்று நாள்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தசை வளர்வது ஓய்வு நாளில் என்பதால் நாள்தோறும் செய்ய வேண்டியதில்லை. மூன்று சுற்றிலும் 12 முறை எளிதாக வந்து, அது அடுத்த முறையும் தொடர்ந்தால், ஒரு படி கீழே இறங்கலாம். சிலருக்கு ஒரு படிக்கு மூன்று வாரம் ஆகும். சிலருக்கு இரண்டு மாதமும் ஆகலாம். அவசரம் ஒன்றுமில்லை.

ஒழுங்கு என்றால் என்ன? தலை முதல் குதிகால் வரை உடல் ஒரு பலகைபோல் நேராக இருக்க வேண்டும். வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கிக்கொண்டால் இடுப்பு தொங்காது. கைகள் தோள் அகலத்துக்குச் சற்று வெளியே. முழங்கைகள் சிறகு விரித்ததுபோல் பக்கவாட்டில் நீளாமல், உடலிலிருந்து ஏறக்குறைய 45 பாகை சாய்வில் இருக்கட்டும். இரண்டு எண்ணும் நேரம் இறங்கி, ஒரு கணம் நிறுத்தி, மேலே தள்ள வேண்டும். இறங்கும்போது மூச்சை உள்ளிழுத்து, தள்ளும்போது வெளிவிட வேண்டும். மூச்சை அடக்கித் தம் பிடித்தால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

கைப்பிடிகளைப் பயன்படுத்துமுன் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் வழவழப்பான ஓட்டுத் தரை. வியர்வை சொட்டினால் கைப்பிடி நழுவி முகம் தரையில் மோதும். ரப்பர் விரிப்பின்மேல் வைப்பது நல்லது. பிளாஸ்டிக்கில் விரிசல் தெரிந்தால் தூக்கியெறிந்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தண்டால் தள்ளும் தசைகளை வளர்க்கிறது. மார்பு, முன்தோள், மேற்கையின் பின்பகுதி ஆகியவை வலுப்பெறும். முதுகுத் தசைக்கு இழுக்கும் பயிற்சி வேண்டும். இல்லாவிட்டால் தோள்கள் முன்னே வளைந்து கூன் விழுந்த தோற்றம் வரலாம். ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையில் தண்ணீர்க் கலனைப் பிடித்து இடுப்பை நோக்கி இழுங்கள். 5 லிட்டர் நீர் 5 கிலோ. பளுத்தூக்கும் கருவி வீட்டிலேயே தயார். தண்டால் எத்தனை சுற்றோ, இழுப்பும் அத்தனை சுற்று.

எண்ணிக்கையும் உண்மையும்

2019இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு உலகமெங்கும் பேசப்பட்டது. இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த 1,104 ஆண் தீயணைப்பு வீரர்களைப் பத்தாண்டுகள் கவனித்தார்கள். தொடக்கத்தில் 40க்கும் மேற்பட்ட தண்டால் எடுத்தவர்களுக்கு, 10க்கும் குறைவாக எடுத்தவர்களைவிட இதயநோய் நிகழ்வுகள் 96 விழுக்காடு குறைவாக இருந்தன. இதைக் கேட்டதும் 40 தண்டால் எடுத்துவிட்டால் மாரடைப்பே வராது என்று சிலர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அது தவறு. நோய் நிகழ்வுகள் மொத்தம் 37 மட்டுமே. நிறையத் தண்டால் எடுக்க முடிந்தவர்கள் மற்ற வகையிலும் உடல்தகுதி மிக்கவர்களாக இருந்திருப்பார்கள். பெண்களும் மற்றத் தொழில் செய்வோரும் அந்த ஆய்வில் இல்லை. உடல்தகுதிக்குத் தண்டால் ஓர் அளவுகோல் என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்க பாடம். அளவுகோலை மருந்தாக எண்ணக்கூடாது.

அண்டை நாடான சிங்கப்பூர் 2015இல் தன் தேசிய சேவையாளர்களுக்கான உடல்தகுதித் தேர்வை மாற்றியமைத்தபோது, கம்பியில் தொங்கி எழும் பயிற்சியை விட்டுவிட்டுத் தண்டாலைச் சேர்த்தது. தொங்குவதற்குக் கம்பி தேடி அலைய வேண்டும். தண்டாலுக்கு ஆள் படுக்கும் இடம் இருந்தால் போதும். வீட்டிலேயே பழகலாம் என்பது பெரிய வசதியல்லவா?

மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் யார்? கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், இதயநோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீரிழிவால் கண் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோர் அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். நீரிழிவு நம் சமூகத்தில் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பது எல்லாரும் அறிந்ததே. தசைக்கு வேலை கொடுத்தால் அது இரத்தத்திலுள்ள சர்க்கரையை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும் என்பதால் முன்யோசனை தேவை. பயிற்சியின்போது நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி உதவி கேட்க வேண்டும்.

உணவில் புரதம் இல்லாமல் தசை வளராது. தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் ஒரு துண்டு மீனும் என்ற பழக்கத்தைச் சற்று மாற்றலாம். பருப்பு, முட்டை, மீன், தௌபு, தெம்பே ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும்.

எழுந்து நிற்கும் கை

மீண்டும் அந்த அடுக்குமாடி வீட்டுக்குப் போவோம். தரையில் விழுந்தவர் எப்படி எழ வேண்டும்? அடிபடவில்லை என்று தெரிந்த பிறகு, பக்கவாட்டில் புரள வேண்டும். கையை ஊன்றி மேலுடம்பைத் தரையிலிருந்து தள்ளி உயர்த்த வேண்டும். முழங்காலிட்டு, அருகிலுள்ள உறுதியான நாற்காலியையோ மேடையையோ பிடித்து, ஒரு காலை ஊன்றி எழ வேண்டும். இதில் இரண்டாவது அசைவைக் கவனியுங்கள். கையை ஊன்றித் தள்ளுவதுதானே தண்டால்? கால் வலுவும் சமநிலையும் வேண்டும், ஐயமில்லை. ஆனால் முதல் வேலை கைக்கு.

தாய் சுவரில் தொடங்குகிறார். காலையில் தேநீர்த் தண்ணீர் கொதிக்கும் நேரம் அவருக்குப் போதும். சில வாரங்களில் சமையல் மேடைக்கு வருகிறார். அவர் தரைக்கு வராமலே போகலாம், பரவாயில்லை. குளியலறைத் தரையில் தன் கையால் தன்னைத் தள்ளி உயர்த்த முடிந்தால், அவருக்கு வேண்டிய பரிசு அதுதான். கணவர் வெளியே போயிருக்கும் நேரத்திலும், பிள்ளை வேலைக்குப் போன பிறகும் அவர் அச்சமின்றி இருக்கலாம்.

மகனும் கைப்பிடிகளை மறுபடி எடுக்கலாம். இந்த முறை 50 வேண்டாம். தோள்வலி முழுதாகத் தீர்ந்த பிறகு, படிக்கட்டில் 10 நல்ல தண்டால், பக்கத்தில் அம்மா எண்ணிச் சொல்லட்டும். "இடுப்பு தொங்குதுய்யா, அது கணக்கில்ல" என்று அவர் ஒன்றைக் கழித்தால் கோபப்படக் கூடாது. அப்பாவுக்கும் சுவரில் ஓர் இடம் ஒதுக்குங்கள். மூவரும் சேர்ந்து செய்தால் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நேயர்களே, இன்று இரவு கட்டிலுக்கு அடியில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். கைப்பிடி கிடந்தால் துடைத்து எடுத்து வையுங்கள். கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை, சுவர் எல்லா வீட்டிலும் இருக்கிறது. நாளைக் காலை எட்டு முறை தள்ளிப் பாருங்கள்.